வளைகாப்புக்கு முன் இருவராக ஒரு பயணம்: மலையா, கடற்கரையா?

கேள்வி: தென்காசிப் பெண்

அனைவருக்கும் வணக்கம். எனக்கு 19 வாரம் முடிந்திருக்கிறது, தலைப்பிள்ளை. பெரம்பூரில் கணவர், மாமியார், நான் என மூவர் இருக்கிறோம். வரும் ஐப்பசியில், ஏழாம் மாதத்தில், வளைகாப்பு நடத்தி என்னைத் தென்காசிக்கு அழைத்துச் செல்வதென்று அம்மா வீட்டில் பேசி முடித்துவிட்டார்கள். பிள்ளை பிறந்து மூன்று மாதம் ஆன பிறகே சென்னைக்குத் திரும்புவேன்.

திருமணமாகி மூன்று ஆண்டுகளில் நாங்கள் இருவர் மட்டும் எங்கும் சென்று தங்கியதில்லை. முதல் ஆண்டு மாமனாரின் சிகிச்சையிலும் அலைச்சலிலும் கழிந்தது. அவர் மறைந்த பிறகு, கடனை அடைப்பதற்காகக் கணவர் இரவுப் பணிக்கு மாறிக்கொண்டார். நான் அலுவலகத்துக்குக் கிளம்பும் நேரத்தில்தான் அவர் வீடு திரும்புவார். ‘குழம்பைச் சூடு செய்துகொள்ளுங்கள்’ என்று மூடிவைத்த தட்டின் மேல் எழுதி வைப்பதோடு அன்றைய பேச்சு முடிந்துவிடுகிற நாட்கள் பல.

இப்போது அவருக்கு நான்கு நாள் விடுப்பு கிடைக்கும். கையில் 18,000 ரூபாய் இருக்கிறது. அவருக்குக் கொடைக்கானல் போக ஆசை. மாமியாரோ, பிள்ளைத்தாய்ச்சியின் கணவன் மலை ஏறக்கூடாது, கடல் கடக்கக்கூடாது என்கிறார். என்னைத் தாயைப் போல் பார்த்துக்கொள்பவர் அவர். அவர் சொல்லைத் தட்டிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. இந்த மாதத்தில் பயணம் செய்யலாமா, எங்கே போகலாம், அவரிடம் எப்படிச் சொல்வது என்று அனுபவமுள்ளவர்கள் கூற வேண்டுகிறேன்.

பதில்: பெருமாள்மலை

தங்கை, நான் ஐந்தாம் மாதத்தில் கொடைக்கானல் போனவள். கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,100 மீட்டர். அந்த உயரத்தால் பாதகமில்லை என்று மருத்துவரே சொல்லியிருந்தார், அதனால் எனக்குத் தொந்தரவு எதுவும் வரவும் இல்லை. தொந்தரவெல்லாம் வழியில்தான். வத்தலக்குண்டு தாண்டி மலைப்பாதை தொடங்கியதும் குமட்டத் தொடங்கியது. எலுமிச்சம்பழத்தை மூக்கிலிருந்து எடுக்கவே முடியவில்லை. பெருமாள்மலைக்குள் மூன்று முறை வண்டியை நிறுத்தினோம், கடைசி முறை வயிற்றில் தண்ணீர்கூட மிச்சமில்லை. மறுநாள் முழுவதும் கம்பளிக்குள் படுத்துக் கிடந்தேன். என் கணவர் சன்னல் வழியே ஏரியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்த முகம் இன்னும் கண்ணில் நிற்கிறது. மூன்று நாள் விடுப்பில் எங்களுக்குக் கிடைத்தது ஒரு மாலைப்பொழுது. வளைவுகள் ஒத்துக்கொள்ளாத உடம்பென்றால், 20 கொண்டையூசி வளைவுகள் உள்ள ஏற்காடுகூட வேண்டாம்.

போவதென்றே முடிவு செய்தால், 2024 மே மாதத்திலிருந்து கொடைக்கானலுக்கும் உதகைக்கும் செல்லும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வாங்க வேண்டியிருக்கிறது. கிளம்புமுன் அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பதில்: ஓய்வுபெற்ற செவிலி

மகளே, அரசு மருத்துவமனை ஒன்றின் பிரசவ வார்டில் நெடுங்காலம் வேலை பார்த்தவள் என்ற முறையில் எழுதுகிறேன். 14 வாரத்திலிருந்து 28 வாரம் வரை பயணத்துக்கு ஏற்ற காலம். மசக்கை அடங்கியிருக்கும், வயிறும் இன்னும் பாரமாகியிருக்காது. ஆனால் ஐந்தாம் மாத ஸ்கேன் எடுத்து, அதன் அறிக்கையை உன் மருத்துவர் பார்த்துச் சம்மதம் சொன்ன பிறகே பயணச்சீட்டு எடு. நஞ்சுக்கொடி கீழே இறங்கிக் கருப்பையின் வாயை மூடியிருந்தாலோ, கருப்பை வாயில் தையல் போட்டிருந்தாலோ, இரத்த அழுத்தம் ஏறியிருந்தாலோ, இடையில் எப்போதாவது இரத்தம் பட்டிருந்தாலோ பேச்சே வேறு. அப்போது வீட்டிலேயே நான்கு நாளை இருவருமாகக் கழிப்பதுதான் நல்லது.

என்னைக் கேட்டால் ரயிலில் போகச் சொல்வேன். எழுந்து நடக்கலாம், கழிப்பறை கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். கர்ப்ப காலத்தில் இரத்தம் உறையும் தன்மை கூடுவதால், கால்களை மணிக்கணக்கில் தொங்கவிட்டு உட்கார்ந்திருக்கக் கூடாது. ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறையாவது எழுந்து நடக்க வேண்டும். வழியில் கழிப்பறை இருக்காது என்று பயந்து தண்ணீர் குடிக்காமல், சிறுநீரை அடக்கிக்கொண்டு வந்து, தொற்று ஏற்பட்டு வலியோடு வார்டில் சேர்ந்த பெண்கள் பலரை நான் பார்த்திருக்கிறேன். சொன்னால் எளிதாகத் தோன்றும், ஆனால் நம் ஊர்ச் சாலைகளில் உண்மையான ஆபத்து அதுதான். இரவு வண்டியென்றால் கர்ப்பிணிகளுக்குக் கீழ்ப்படுக்கை ஒதுக்கீடு உண்டு. மருத்துவச் சான்றைக் காட்டி முன்பதிவு கவுண்ட்டரில் கேட்கலாம். காரில் ஏறினால் பெல்ட்டின் கீழ்ப்பட்டை வயிற்றுக்கு அடியில், இடுப்பெலும்பின் மேல் இருக்கட்டும்.

தாய் சேய் நல அட்டை, ஸ்கேன் அறிக்கைகள், கர்ப்பத்தைப் பதிவு செய்தபோது தந்த பிக்மி எண், மாத்திரைகள் எல்லாம் உன் கைப்பையிலேயே இருக்க வேண்டும், பெட்டிக்குள் அல்ல. உன் இரத்தம் நெகட்டிவ் வகையாக இருந்தால், இரத்தப்போக்கு ஏற்பட்ட 72 மணி நேரத்துக்குள் ஆன்டி-டி ஊசி போட வேண்டியிருக்கும் என்பதைக் கணவரும் தெரிந்துகொள்ளட்டும். இரத்தம் பட்டாலோ, நீர் கசிந்தாலோ, தாங்க முடியாத தலைவலி வந்தாலோ விடியட்டும் என்று காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள்.

பதில்: கோவில்பட்டி மாப்பிள்ளை

சகோதரி, நான்கு ஆண்டுகளுக்கு முன் நாங்களும் இதே நிலையில் இருந்தோம். என் அம்மாவும் இதே சொல்லைச் சொன்னார். மலை ஏறினாலும் கடல் கடந்தாலும் ஆளனுப்பிச் சேதி சொல்ல முடியாத காலத்தில், கணவன் கூப்பிடு தூரத்தில் இருக்க வேண்டும் என்ற அக்கறையில் வந்த கட்டுப்பாடு அது என்பது என் எண்ணம். அதை மீறாமலேயே போகலாம் என்று தரங்கம்பாடிக்குப் போனோம். எழும்பூரிலிருந்து பகலில் செல்லும் சோழன் விரைவு வண்டியில் மயிலாடுதுறை வரை. அங்கிருந்து வாடகைக் கார். மயிலாடுதுறையிலும் காரைக்காலிலும் அரசு மருத்துவமனைகள் இருப்பது மனத்துக்குத் தெம்பாக இருந்தது.

ஊர் முழுவதும் சமதளம். 1792-இல் கட்டிய நகர வாயிலுக்குள் நுழைந்து ராஜ வீதியில் மெதுவாக நடந்தால், 1718-இல் கட்டிய புதிய எருசலேம் ஆலயத்தைத் தாண்டிச் சற்று நேரத்தில் கடல் வந்துவிடும். டேனியர்கள் 1620-இல் கட்டத் தொடங்கிய கோட்டை கரையிலேயே நிற்கிறது. நான் திருக்கடையூர், பூம்புகார், காரைக்கால் என்று ஒரு பட்டியலோடு போயிருந்தேன். முதல் நாள் அவள் மாலை நான்கு மணி வரை தூங்கினாள். எனக்கு உள்ளூர எரிச்சல். வெளியே காட்டாமல் இருந்ததாக நினைத்தேன், அவள் கண்டுபிடித்துவிட்டாள். அன்றிரவு அவளுக்கு ஆடுசதை இழுத்துப் பிடித்துக்கொண்டது. பாதத்தை மேல்நோக்கி மடக்கிப் பிடித்தால் இழுப்பு விடும் என்று அவள்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்தாள். வீட்டில் வாரத்துக்கு இரண்டு இரவு இப்படித் தனியாக எழுந்து சுவரில் காலை அழுத்திக்கொண்டு நின்றிருக்கிறாள் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அதன் பிறகு பட்டியலை எடுக்கவில்லை.

மறுநாள் மாலை கரையில் உட்கார்ந்திருந்தபோது, “எத்தனை வெள்ளிக்கிழமை வருவீங்க?” என்று கேட்டாள். வளைகாப்பிலிருந்து பிள்ளைக்கு மூன்று மாதம் ஆகும் வரை எண்ணினோம், 22 வெள்ளிக்கிழமைகள். ஒன்றுவிட்டு ஒன்று வருவதாகச் சொல்லி, அங்கேயே நெல்லை விரைவு வண்டியில் கோவில்பட்டிக்குக் கிடைத்தவரை சீட்டு எடுத்துவிட்டேன். அப்போது 120 நாள் முன்பே முன்பதிவு செய்ய முடிந்தது. 2024 நவம்பரிலிருந்து 60 நாள்தான் என்பதால் நீங்கள் பல தடவையாக எடுக்க வேண்டியிருக்கும். தென்காசிக்குப் பொதிகை இருக்கிறது. இதை இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து பேசிக்கொள்ளுங்கள். ஊருக்குப் போன பிறகு தொலைபேசியில் பேசினால் அது கணக்குக் கேட்பதாக மாறிவிடும்.

ஐப்பசி மழைக்கு முன் போய்வந்துவிடுங்கள். அம்மாவிடம் உங்கள் கணவரே சொல்லட்டும். மருமகள் கேட்டு மகன் சம்மதித்ததாக அது தோன்றக் கூடாது.

கேட்டவரின் பதில்: தென்காசிப் பெண்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. ஸ்கேன் நல்லபடியாக முடிந்தது. நஞ்சுக்கொடி மேலேதான் இருக்கிறது, போய்வரலாம் என்று மருத்துவர் கூறிவிட்டார். தரங்கம்பாடி என்றே முடிவு செய்து, புரட்டாசி முதல் வாரத்துக்குச் சோழனில் இரண்டு இருக்கைகள் எடுத்தாயிற்று.

கணவர் அம்மாவின் அருகில் உட்கார்ந்து தானே சொன்னார். மலையும் இல்லை, கடல் கடப்பதும் இல்லை என்று கேட்டதும் அவர் சிறிது நேரம் யோசித்து, அப்படியே திருக்கருகாவூருக்கும் போய்க் கர்ப்பரட்சாம்பிகை சன்னிதியில் சுகப்பிரசவத்துக்குத் தரும் விளக்கெண்ணெயை வாங்கி வாருங்கள் என்றார். அது கும்பகோணத்தையும் தாண்டி இருக்கிறதே, கார் அலைச்சல் ஆகாதே என்று நான் தயங்கினேன். இன்று காலை தம் தங்கையிடம் அவர் தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தார். வளைகாப்புக்கு முன் அவர்கள் இருவரும் போய் எண்ணெயை வாங்கிவரப் போகிறார்களாம்; எங்களுக்கு அந்த நான்கு நாளில் வேறு வேலை எதுவும் வைக்கவில்லை என்று சொல்லிவிட்டார்.