அக்காவுக்குச் செய்யும் வில் வளைந்தபடியே நின்றுவிடுகிறது: மீட்க வழியுண்டா?

கேள்வி:
வணக்கம். வார இறுதிகளில் வில்வித்தை பயிலும் என் அக்காவின் பிறந்தநாளுக்காக, பழைய வேட்டை வில்லின் அமைப்பில், ஹிக்கரி என்னும் கடின மரத்தின் ஒரே பலகையிலிருந்து தட்டை வில் ஒன்றைச் செதுக்கி வருகிறேன். நீளம் 172 செ.மீ.; அக்கா இழுக்கும் 27 அங்குலத்தில் 35 பவுண்டு விசை வர வேண்டும். சிங்கப்பூரில் எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில், துணி காயும் இடத்தருகே வைத்துத்தான் இரண்டு மாதங்களாக இழைத்தேன். இப்போது நாணைக் கழற்றிய பிறகும் முனைகள் 7 செ.மீ. உள்நோக்கி வளைந்தே நிற்கின்றன. 22 அங்குலம் இழுக்கும்போதே வில்லின் மேல் கையின் (பிடிக்கு மேலுள்ள பாதியின்) நடுப்பகுதி மட்டும் கூடுதலாக மடிகிறது. பிறந்தநாளுக்கு இன்னும் மூன்று மாதங்கள் உள்ளன.

பதில் 1:
முதலில் இழுப்பதை நிறுத்துங்கள், தம்பி. உங்கள் கைவேலையைவிட மரத்தின் ஈரமே இதற்குப் பெரிய காரணமாகத் தெரிகிறது. வில்லை இழுக்கும்போது, இலக்கை நோக்கிய முதுகு நீள்கிறது, நம்மை நோக்கிய வயிறு நசுங்குகிறது. ஹிக்கரியின் முதுகு மிக வலியது. ஆனால் ஈரமேறினால் அதன் வயிறு நசுங்கி, மீண்டு வராமல் நின்றுவிடும். ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டைத் தாண்டும் நம் ஊர்க் காற்றில் மரம் ஏறத்தாழ 16 விழுக்காடு நீரைப் பிடித்துக்கொள்ளும். வில்லுக்கு 9 விழுக்காடு போதும். வீட்டிலுள்ள பாம் ஷெல்டர் எனும் காப்பறையில், ஈரம் உறிஞ்சும் டிஹியூமிடிஃபையர் கருவியை வைத்து, காற்றின் ஈரப்பதத்தை 50 விழுக்காட்டில் நிறுத்தினால் அந்த நிலை கிட்டும்.

பதில் 2:
மடியும் இடத்தில் இனி அரம் படவே கூடாது. பென்சிலால் குறியிட்டு, அதன் இருபுறமும் விறைப்பாக உள்ள பகுதிகளை மட்டும் வயிற்றுப்புறத்தில் சுரண்டுங்கள். தடிமனை 10 விழுக்காடு குறைத்தாலே விறைப்பு 27 விழுக்காடு குறைந்துவிடும் என்பதால், சுரண்டியைச் சில முறை இழுத்ததும் நிறுத்திப் பார்க்க வேண்டும். அந்த இடத்தின் வயிற்றில் குறுக்குக் கோடுகள் ஏதேனும் தெரிகின்றனவா?

கேட்டவர்:
விளக்கைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தேன். மயிரிழை போன்ற மூன்று கோடுகள் குறுக்காக ஓடுகின்றன.

பதில் 2:
அப்படியானால் அங்கே மரநார்கள் நசுங்கி மடிந்துவிட்டன. காயவைத்தாலும் அவை சேரமாட்டா. இழுத்த நிலையில் வில் முறிந்தால் துண்டுகள் முகத்தில் பாயக்கூடும் என்பதால், இதை அக்காவின் கையில் கொடுக்காதீர்கள். புதிய பலகையைத் தேர்ந்தெடுக்கும்போது, மரநார் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை பக்கவாட்டில் விலகாமல் ஓடுகிறதா என்று பாருங்கள். வில்லின் கைகளைச் சற்று அகலமாகச் செதுக்கினால் அதே விசையை மெல்லிய தடிமனிலேயே பெறலாம்; வயிற்றின் சுமையும் குறையும்.

பதில் 1:
தோராய வடிவுக்கு அறுத்த பிறகு காயவையுங்கள், விரைவில் காயும். சமையலறைத் தராசில் நாள்தோறும் நிறுத்து, எடை குறைவது நிற்கும்வரை பொறுத்திருங்கள். அவசரப்பட்டு அடுப்பனலில் காட்டினால் வெடிப்பு விழும். முடித்தபின் பூசும் வார்னிஷ் ஈரத்தை மெதுவாக்குமே தவிரத் தடுக்காது; ஆகவே அக்கா வீட்டிலும் வில்லை உலர்ந்த அறையிலேயே, நாணைக் கழற்றி வைக்கச் சொல்லுங்கள்.

கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. பழைய வில்லை வருத்தத்துடன் எடுத்து வைத்துவிட்டேன். புதிய பலகை முதல் நாளில் 1,412 கிராம் இருந்தது, பத்தாம் நாளான இன்று 1,350. இன்னும் குறைந்துகொண்டிருக்கிறது, அது நிற்கும்வரை இழைப்புளியைத் தொடமாட்டேன்.