‘வீடு’ படத்தின் நல்ல பிரதி யாரிடமாவது இருக்கிறதா?

நண்பர்களே, ஒரு உதவி. பார்த்த படங்களைப் பற்றி நோட்டில் எழுதி வைப்பது என் வழக்கம் (மதிப்பெண் எல்லாம் போடுவதில்லை). இப்போது பாலு மகேந்திராவின் ‘வீடு’, 1988. பாட்டே இல்லாத படம். தாத்தாவாக நடித்த சொக்கலிங்க பாகவதர் குடையோடு தனியாக வந்து, பாதி எழும்பிய சுவரைத் தடவிப் பார்ப்பாரே, அந்த இடத்தைப் பற்றித்தான் விரிவாக எழுத ஆசை. ஆனால் எனக்குக் கிடைத்த பிரதியில் அவர் முகமே தெளிவாக இல்லை. எல்லாம் வெளுத்துக் கிடக்கிறது. ஒளிப்பதிவும் இயக்குநரே செய்த படம், அதை இப்படிப் பார்த்துவிட்டு எழுதுவது நியாயமில்லை. நெகட்டிவே போய்விட்டது என்று அவரே வருந்தியதுண்டு.

சரி, யாரிடமாவது நல்ல டிவிடி இருக்கிறதா? தூர்தர்ஷனிலிருந்து பதிவு செய்த பழைய கேசட் என்றாலும் பரவாயில்லை. அப்புறம், சென்னையில் எங்காவது திரையிட்டால் சொல்லுங்கள், கிளம்பி வந்துவிடுகிறேன்.