நோஷனில் ஒரே வேலை ஆளுக்கு ஒரு நிலையில் நிற்கிறது, ஏன்?

மைக்கறை:
சின்ன அச்சகம், பெரும்பாலும் கல்யாணப் பத்திரிகை. ஆறு பேர் இருக்கிறோம். டிசைன், ப்ரூஃப், பிளேட் (அச்சுத் தகடு), பிரிண்டிங், டெலிவரி என்று நிலைகள் வைத்து எல்லா வேலையையும் நோஷன் என்ற ஆப்பில் ஒரு டேட்டாபேஸில் ஏற்றியிருந்தேன். டிசைனர் தம்பிக்கு போர்டு வேண்டும், எனக்கு கேலண்டர், மெஷின் பக்கம் வெறும் பட்டியல் போதும். அதனால் டேட்டாபேஸை டூப்ளிகேட் செய்து ஆளுக்கு ஒரு பக்கம் கொடுத்தேன். இப்போது தம்பி பக்கத்தில் ‘ப்ரூஃப்’க்குத் திரும்பிய பத்திரிகை என் பக்கத்தில் ‘பிளேட்’ என்றே நிற்கிறது. போன வாரம் மாப்பிள்ளை பெயரில் ஒரு ‘க்’ திருத்த வேண்டியிருந்தது. தெரியாமல் பழைய ஃபைலுக்கே பிளேட் போட்டு, காசு தண்டம். சின்க் ஆக ஏதாவது செட்டிங் இருக்கிறதா?

ராத்திரி ஷிப்ட்:
சின்க் கோளாறு இல்லை அண்ணாச்சி. டூப்ளிகேட் செய்தால் அது தனி டேட்டாபேஸ். பில் புக்கை மூன்று ஜெராக்ஸ் எடுத்து மூன்று பேரிடம் கொடுத்த கதைதான். ஒரே டேட்டாபேஸை வைத்துக்கொண்டு, மேலே இருக்கும் பிளஸ் குறியை அழுத்தி போர்டு, கேலண்டர், லிஸ்ட் என்று வியூ சேர்த்திருக்க வேண்டும். தனிப் பக்கம்தான் வேண்டுமென்றால், அங்கே ‘லிங்க்டு வியூ’ போட்டு ஒரிஜினலைத் தேர்ந்தெடுங்கள்; நகல் எடுக்காமல் ஒரிஜினலையே அங்கே காட்டும். நகல்களில் பிறகு சேர்த்த வேலைகளை மட்டும் முதலில் ஒரிஜினலுக்கு மாற்றுங்கள். பழைய வேலைகளின் நிலையைக் கையால் ஒப்பிட்டுத்தான் ஆக வேண்டும், வேறு வழியில்லை.

பழைய பைண்டர்:
ஒன்று சேர்த்துச் சொல்கிறேன். லிங்க்டு வியூவில் ஒரு வேலையை டெலிட் செய்தால் ஒரிஜினலிலும் போய்விடும். மெஷின் பக்கம் இருப்பவர்களிடம் இதை இன்றே சொல்லிவிடுங்கள். ஒரு வியூவில் வேலை கண்ணில் படக்கூடாது என்றால் ஃபில்டர் போடுங்கள், டெலிட் வேண்டாம். ஃபில்டர் மாற்றியதும் ‘சேவ் ஃபார் எவ்ரிஒன்’ கொடுக்காவிட்டால் அந்த மாற்றம் உங்களுக்கு மட்டும்தான் தெரியும். ஆளுக்கு ஒரு வியூ எதற்கு என்றும் எனக்குப் புரியவில்லை. பொறுப்பாளர் ‘மீ’ (அதாவது ‘நான்’) என்று ஒரே ஃபில்டர் போட்டால், யார் திறந்தாலும் அவரவர் வேலை மட்டும் வரும்.

மைக்கறை:
நகல்களைக் கழித்துவிட்டேன், ஒரு ராத்திரி போயிற்று. ஆனால் ஃபில்டரில் ‘மீ’ வரவில்லை. பெயர்கள் மட்டும்தான் காட்டுகிறது.

ராத்திரி ஷிப்ட்:
பொறுப்பாளர் பெயர் போடும் காலத்தை (டேபிளில் மேலிருந்து கீழே வரும் பத்தி) ‘செலக்ட்’ வகையில் வைத்திருப்பீர்கள். நோஷனுக்கு அது வெறும் எழுத்து, ஆள் இல்லை. பக்கத்தில் ‘பர்சன்’ வகையில் புதுக் காலம் சேர்த்து நிரப்புங்கள். டேபிள் வியூவில் பழைய காலத்தை வைத்து குரூப் செய்து, ஒருவருடைய வரிசைகளையெல்லாம் டிக் செய்தால் ஒரே தடவையில் மாற்றலாம். எல்லாம் நிரம்பியதைப் பார்த்த பிறகு பழைய காலத்தைத் தூக்குங்கள். ஆறு பேரும் அவரவர் லாகினில் நுழைவது முக்கியம். கடை லாகின் ஒன்றையே எல்லோரும் பயன்படுத்தினால் ‘மீ’ உதவாது.

மைக்கறை:
‘மீ’ வந்துவிட்டது. கடைசியாக ஒன்று: லிஸ்ட்டில் இருக்கிற இரண்டு வேலை கேலண்டரில் இல்லை.

பழைய பைண்டர்:
தேதி போட்டிருக்க மாட்டீர்கள். கேலண்டரின் மேலே ‘நோ டேட்’ என்று எண்ணிக்கையோடு இருக்கும், அழுத்திப் பாருங்கள்.

மைக்கறை:
ஆமாம், இரண்டும் அங்கேதான். ஒன்று வெள்ளிக்கிழமை டெலிவரி, இன்னும் டிசைனிலேயே கிடக்கிறது! தம்பிக்கு போன் போடுகிறேன்.