குரோஷியாவில் 10 நாட்கள்: ஸ்ப்ளிட், தீவுகள், டுப்ரோவ்னிக் – முழங்கால் வலி உள்ள மூத்தவருடன் செல்ல ஆலோசனை தேவை

பொன்னிநதி (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். பிள்ளைகளின் ஆண்டுத் தேர்வு முடிந்தபின், வரும் மே மாதம் நாங்கள் ஐவர் குரோஷியாவுக்குச் செல்ல எண்ணியிருக்கிறோம்: கணவர், நான், 13 வயது மகன், 8 வயது மகள், 67 வயதான என் மாமியார். ரோமானியப் பேரரசைப் பற்றிப் படித்ததிலிருந்து, டயோக்ளீஷியன் கட்டிய அரண்மனையை நேரில் பார்க்க வேண்டும் என்று மகன் கேட்டுக்கொண்டே இருக்கிறான். மகளுக்குக் கடலும் படகும் இருந்தால் போதும். மாமியார் சமதளத்தில் எவ்வளவு தூரமும் நடப்பார். படியேறினால் முழங்கால் வலிக்கும். முட்டையும் சேர்க்காத சைவர். வெளிநாட்டுப் பயணம் அவருக்கு இதுவே முதல்முறை.

பயண முகவர் ஒருவர் தந்த திட்டத்தில் சாக்ரெப், ப்ளிட்விட்சே ஏரிகள், சாடர், ஸ்ப்ளிட், ஹ்வார், கோர்ச்சுலா, டுப்ரோவ்னிக் ஆகியவற்றோடு பொஸ்னியாவின் மோஸ்டாரும் சேர்ந்திருக்கிறது. 10 நாட்களில் இவ்வளவும் இயலுமா? எதை விடலாம்? சென்றுவந்தவர்கள் சொன்னால் பெரிதும் உதவியாக இருக்கும்.

கடலோடி:

சகோதரி, இந்தத் திட்டத்தை அப்படியே ஏற்காதீர்கள். பெட்டியைக் கட்டுவதிலும் அவிழ்ப்பதிலும் பாதி நாட்கள் போய்விடும். அதன் சுமை முதலில் உங்கள் மாமியாரின் முழங்காலில்தான் விழும். சாக்ரெப், ப்ளிட்விட்சே, சாடர் மூன்றையும் விட்டுவிட்டு, விமானத்தில் ஸ்ப்ளிட்டில் இறங்கி டுப்ரோவ்னிக்கிலிருந்து திரும்பும்படி பயணச்சீட்டு எடுங்கள். வந்த வழியே திரும்பும் ஒரு முழு நாள் மிச்சமாகும்.

ஸ்ப்ளிட்டுக்கு 4 இரவுகள் கொடுங்கள் என்பேன். பலர் அரை நாளில் அதை முடித்துவிட்டுத் தீவுக்குப் படகேறுகிறார்கள், அது எனக்கு மிகவும் வருத்தம் தருகிறது. 305-ஆம் ஆண்டு தானாகவே அரியணையைத் துறந்த டயோக்ளீஷியன், தம் முதுமையைக் கழிக்கக் கட்டிய அரண்மனை அது. ஏறத்தாழ 215 மீட்டர் நீளமும் 180 மீட்டர் அகலமும் கொண்டது. 7-ஆம் நூற்றாண்டில் அருகிலிருந்த சலோனா நகரம் அழிந்தபோது, அங்கிருந்து தப்பியவர்கள் இந்த மதில்களுக்குள் குடியேறினார்கள். அன்றுமுதல் இன்றுவரை அங்கே மக்கள் வாழ்கிறார்கள். ரோமானியத் தூணுக்கும் வளைவுக்கும் நடுவே ஒருவர் வீட்டுச் சன்னலில் துணி காய்வதைப் பார்க்கலாம். கிறித்தவர்களைக் கொடுமையாக ஒடுக்கிய அந்தப் பேரரசனின் கல்லறை மண்டபம் இன்று கிறித்தவப் பேராலயம். அவருடைய ஆட்சியில் கொல்லப்பட்ட தோம்னியுஸ் ஆயரின் பெயரையே அது தாங்கி நிற்கிறது. இதை உங்கள் மகனுக்கு அந்த முற்றத்தில் நின்றே சொல்லுங்கள். எகிப்திலிருந்து கொண்டுவரப்பட்ட, சிங்க உடல் கொண்ட கருங்கல் ஸ்ஃபிங்ஸ் சிலையும் அங்கேயே இருக்கிறது. அரண்மனைக்குள் பெரும்பகுதி சமதளம். பேராலயத்தின் மணிக்கோபுரத்தை மட்டும் மாமியார் தவிர்க்கட்டும்.

தீவு ஒன்றே போதும். ஹ்வார் தீவில், ஆரவாரம் மிகுந்த ஹ்வார் நகரை விட்டு, மறுபக்கம் உள்ள ஸ்டாரி கிராட்டில் தங்குங்கள். பாரோஸ் தீவிலிருந்து வந்த கிரேக்கர்கள் கி.மு. 384-இல் நிறுவிய ஊர் அது. அவர்கள் கல்வரப்பு வைத்துப் பிரித்த வயல்களில் இன்றும் அதே எல்லைகளுக்குள் திராட்சையும் ஒலிவமும் விளைகின்றன. அந்தச் சமவெளி 2008-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. பிள்ளைகள் மிதிவண்டி ஓட்டலாம், மாமியார் நிழலில் நடக்கலாம். ஸ்ப்ளிட்டிலிருந்து அங்கே செல்வது கார்களையும் ஏற்றும் பெரிய கப்பல். 2 மணி நேரம் ஆனாலும் அதிகம் ஆடாது.

வெண்முத்து:

கடலோடி அய்யா சொன்னவற்றில் தீவைத் தவிர மற்ற எல்லாவற்றையும் ஏற்கிறேன். ஒரு தீவுக்குத்தான் நேரம் என்றால் அது கோர்ச்சுலாவாக இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அந்தப் பழைய நகரம் மீன்முள் வடிவில் அமைந்தது: கோடைத் தென்றல் உள்ளே வரும்படி மேற்குப் பக்கத் தெருக்களை நேராகவும், குளிர்காற்று நுழையாதபடி கிழக்குப் பக்கத் தெருக்களை வளைவாகவும் அமைத்திருக்கிறார்கள். மார்க்கோ போலோ அங்கே பிறந்தார் என்று ஊரார் சொல்லி ஒரு வீட்டையும் காட்டுவார்கள். அவர் வெனிஸைச் சேர்ந்தவர் என்பதே பெரும்பாலான வரலாற்றறிஞர்களின் முடிவு. ஆனால் 1298-இல் வெனிஸும் ஜெனோவாவும் மோதிய கடற்போர் நிகழ்ந்தது அந்தத் தீவின் அருகில்தான். பாண்டிய நாட்டுக் காயல் துறைமுகத்தையும் நம் கடலின் முத்துக்குளிப்பையும் உலகுக்கு எழுதிச் சொன்ன மனிதரின் பெயரை அந்தக் கடற்கரையில் கேட்டபோது, தூத்துக்குடிக்காரியான எனக்கு உடல் சிலிர்த்தது.

சாப்பாட்டுக்கு: சமையலறையுடன் கூடிய வீடுகள் எங்கும் வாடகைக்குக் கிடைக்கின்றன, அவற்றையே எடுங்கள். ஸ்ப்ளிட்டில் அரண்மனையின் வெள்ளி வாயிலை ஒட்டியே காய்கறிச் சந்தை இருக்கிறது. கீரையை மெல்லிய மாவுத் தகடுகளுக்கு நடுவே வைத்துத் தணலில் சுட்டு, மேலே ஒலிவ எண்ணெயும் பூண்டும் தடவும் சோபார்னிக் அந்தப் பகுதியின் பண்டம். முட்டையோ இறைச்சியோ சேராதது. என் தாயார் அதையே மூன்று நாள் காலையில் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள். ஊரிலிருந்து அரிசியும் பருப்புப் பொடியும் கொண்டுபோகலாம். பால்கோவா, நெய் இனிப்பு போன்ற பால் பொருட்களையும் பச்சைக் கறிவேப்பிலையையும் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் எடுத்துச் செல்லாதீர்கள்.

விசாவைப் பொறுத்தவரை, குரோஷியா 2023 சனவரி முதல் ஷெங்கன் பகுதியில் (ஒரே விசாவில் சென்றுவரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டம்) உள்ளது, யூரோவையும் ஏற்றுவிட்டது. புறப்படுவதற்கு 6 மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். கோடைக் கூட்டத்துக்கு முன் நேர்காணல் நாள் கிடைப்பது கடினம் என்பதால் சனவரியிலேயே தொடங்குங்கள். குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கட்டாயம். உங்கள் மகளுக்குக் கட்டணம் பாதி.

பொன்னிநதி:

இருவருக்கும் நெஞ்சார்ந்த நன்றி. அத்தையிடம் இதை வாசித்துக் காட்டினேன். சோபார்னிக் செய்முறையை இரண்டு முறை கேட்டார்கள். ஸ்ப்ளிட் 4 இரவு, ஸ்டாரி கிராட் 3 இரவு, டுப்ரோவ்னிக் 3 இரவு என்று முடிவு செய்திருக்கிறோம். வெண்முத்து அக்கா பொறுத்துக்கொள்ள வேண்டும், கப்பல் ஆடாது என்ற ஒன்றே அத்தைக்காக ஹ்வாரைத் தேர்ந்தெடுக்க வைத்தது. இரண்டு ஐயங்கள் இன்னும் உள்ளன: மோஸ்டாருக்கு ஒரே நாளில் போய்வரலாமா? டுப்ரோவ்னிக் முழுவதும் படிகள் என்கிறார்களே, அத்தை என்ன செய்வார்கள்?

கடலோடி:

மோஸ்டார் பொஸ்னியாவில் உள்ளது. அங்கே சென்றால் ஷெங்கன் எல்லையை விட்டு வெளியேறியதாகிவிடும். ஒருமுறை நுழைவதற்கான விசா கையில் இருந்தால் திரும்பி வர இயலாது. பலமுறை நுழையும் விசா கிடைத்தாலும் இந்தப் பயணத்தில் வேண்டாம் என்றே சொல்வேன், நாள் முழுவதும் பேருந்திலும் எல்லைச் சோதனையிலும் கழியும்.

ஹ்வாரிலிருந்து டுப்ரோவ்னிக்குக்கு விரைவுப் படகு உண்டு. அது ஹ்வார் நகரிலிருந்து புறப்படும், வழியில் கோர்ச்சுலாவில் நிற்கும். எனவே வெண்முத்துவின் தீவை மகன் படகிலிருந்தாவது பார்த்துவிடுவான். ஆனால் காற்று பலமாக வீசினால் விரைவுப் படகுகளை நிறுத்திவிடுவார்கள், எங்களுக்கே அப்படி ஒருநாள் நின்றுபோனது. அன்று பெரிய கப்பலில் நிலப்பகுதிக்குத் திரும்பிச் சாலைவழியே போனோம். 2022-இல் பெல்யேஷாட்ஸ் பாலம் திறந்தபின் பொஸ்னியாவின் நேயும் பகுதியைத் தொடாமலே டுப்ரோவ்னிக்கை அடையலாம். உங்கள் பேருந்து பாலத்தின் வழியாகத்தான் செல்கிறதா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். ஊர் திரும்பும் விமானத்துக்கு முந்தைய நாளில் எந்தப் படகையும் வைத்துக்கொள்ளாதீர்கள்.

கல்தச்சன்:

டுப்ரோவ்னிக்கைப் பற்றி மட்டும் நான் சொல்கிறேன். பழைய நகரின் மதிலுக்குள் வீடு எடுக்காதீர்கள். நடுத்தெருவான ஸ்ட்ராடுன் சமதளமாக இருந்தாலும், அதன் இருபுறமும் உள்ள சந்துகள் பெரும்பாலும் செங்குத்தான படிகள். மதிலுக்கு வெளியே உள்ள லாபாட் பகுதியில் தங்கினால் நகரப் பேருந்து, பழைய நகரின் நுழைவாயிலான பீலே வாயில்வரை கொண்டுவிடும்.

நகரைச் சுற்றி 1,940 மீட்டர் நீளத்துக்கு ஓடும் மதிலில் அத்தையை ஏற்ற வேண்டாம். காலையில் திறந்தவுடன் நீங்களும் பிள்ளைகளும் ஏறிவிடுங்கள், நிழலே இல்லாத இடம் அது. மேலிருந்து பார்க்கும்போது கூரை ஓடுகளில் சில மங்கலாகவும் பல பளிச்சென்ற செந்நிறமாகவும் தெரியும். 1991 டிசம்பர் 6 அன்று இந்த நகரத்தின் மீது குண்டுமழை பொழிந்தது. அந்தப் போரில் உடைந்த கூரைகளுக்குப் பின்னர் வேய்ந்த ஓடுகளே அந்தச் செந்நிறம். 13 வயதுப் பிள்ளைக்கு அதைச் சொல்லலாம், சொல்ல வேண்டும் என்றே நினைக்கிறேன்.

அந்நேரம் அத்தை பீலே வாயிலை ஒட்டிய ஒனோஃப்ரியோ நீரூற்றின் படிக்கட்டில் உட்காரட்டும். 12 கிலோமீட்டர் தொலைவிலிருந்து வாய்க்கால் கட்டி நீரைக் கொண்டுவந்து, 1438-இல் முடித்த நீரூற்று அது. இன்றும் குழாயில் குடிநீர் வருகிறது. பாட்டிலை அங்கேயே நிரப்பிக்கொள்ளலாம். மாலையில் பழைய துறைமுகத்திலிருந்து லோக்ரும் தீவுக்குப் படகில் சுமார் கால் மணி நேரம்தான். அங்கே மயில்கள் திரிகின்றன, உங்கள் மகள் திரும்பி வர மறுப்பாள். கடைசிப் படகின் நேரத்தைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், இரவில் அத்தீவில் யாரையும் தங்க விடுவதில்லை.