விசுவாசம் அணையாமல் வாழ்கிற யாரையாவது நேரில் பார்த்திருக்கிறீர்களா? அனுபவம் பகிருங்கள்

நாசரேத்து மருமகள்

எங்கள் தெருவில் ஒரு அத்தை இருக்கிறார். பீடி சுற்றுகிறவர். மாமா பக்கவாதம் வந்து படுக்கையில். சம்பாதிக்க வீட்டில் வேறு ஆள் கிடையாது. நம் சபைகளில் கைப்பிடி அரிசி எடுத்து வைக்கும் பழக்கம் உண்டு: உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைச் சபைக்குக் காணிக்கையாகத் தனியே எடுத்து வைப்பது.

போன ஆடியில் இலையும் தூளும் ஒழுங்காக வராமல் வாரத்தில் பாதி நாள் அவருக்கு வேலையே இல்லை. நான் போன நேரம் ரேஷன் அரிசி டப்பாவின் அடியைச் சுரண்டிக்கொண்டிருந்தார். டம்ளரில் அளந்து சுளகில் கொட்டினார். கல் பொறுக்கினார். களைவதற்கு முன்னால் ஒரு பிடி அள்ளி, அடுப்புக்குப் பக்கத்தில் இருந்த பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டார்.

எனக்குத் தாங்கவில்லை. "இந்த மாசம் விட்டுருங்க அத்தை, ஐயரம்மா ஒண்ணும் கேக்க மாட்டாங்க" என்றேன். ஐயரம்மா என்றால் எங்கள் பக்கம் பாஸ்டரின் மனைவி.

"ஐயரம்மாவுக்கா வைக்கேன்? இத எடுத்து வச்சாத்தாம்பிள்ள நாளைக்கும் உலை வைப்பேன்னு எனக்கே நம்பிக்கை வருது" என்றார். சொல்லிக்கொண்டே விரலில் ஒட்டியிருந்த இரண்டு அரிசியையும் பாட்டிலுக்குள் தட்டிவிட்டார்.

அந்த இரண்டு அரிசி என் கண்ணை விட்டுப் போகவே இல்லை. கையில் காசு இருக்கும்போது கன்வென்ஷன் பந்தலில் கைதட்டிப் பாடுகிறவர்கள் நிறைய. இது வேறு. இப்படி யாரையாவது பார்த்திருந்தால் எழுதுங்களேன்.

கடலோரத்தான்

நான் குமரி மாவட்டக் கடற்கரைக்காரன், கத்தோலிக்கன். ஒக்கி புயலைப் பற்றி நான் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை. 2017 நவம்பர் கடைசியில் எங்கள் பக்கத்து ஊர்களிலிருந்து ஆழ்கடலுக்குப் போனவர்களில் எத்தனையோ பேருடைய உடல்கூடக் கிடைக்கவில்லை.

எங்கள் பங்குக் கோயிலில் அப்போது பூசைக் கருத்து, அதாவது பூசையில் யாருக்காக வேண்ட வேண்டும் என்று எழுதும் நோட்டு என் கையில் இருந்தது. அடுத்த வருஷம் கல்லறைத் திருநாளுக்கு இறந்தவர்கள் பெயரை எழுதிக்கொண்டிருந்தேன். மகனைப் பறிகொடுத்த பெரியவர் ஒருவர் வரிசையில் வந்தார். மகன் பெயரைச் சொன்னார், எழுதினேன். நகரவில்லை. "கடலுக்குப் போனவங்க பத்திரமா வரணும்னு ஞாயித்துக்கிழமை மன்றாட்டு உண்டுல்லா? அதுலயும் அவன் பேரைப் போடு" என்றார்.

பேனா அப்படியே நின்றுவிட்டது. இறந்தவர்கள் பட்டியலில் எழுதிய அதே பெயரை, திரும்பி வரவேண்டியவர்கள் பட்டியலில் எப்படி எழுதுவது? பங்குச் சாமியார் பக்கத்து மேசையில் இருந்தார். ஒன்றும் பேசாமல், எழுது என்று தலையை மட்டும் ஆட்டினார்.

அந்தப் பெரியவருக்குப் புத்தி பேதலிக்கவில்லை. மகன் திரும்ப மாட்டான் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். நிவாரணப் பணத்துக்கான தாளிலெல்லாம் அவரே கையெழுத்துப் போட்டவர். ஆனாலும் கடவுளிடம் அந்த வழக்கை அவர் முடித்துக்கொள்ளவில்லை. கல்லறையில் மகனுக்கென்று ஒரு குழி கிடையாது. அதனால் நடுவில் நிற்கும் பெரிய சிலுவையின் அடியில் மெழுகுவர்த்தி ஏற்றினார். கடல்காற்றில் அது அணைய அணைய மறுபடி கொளுத்திக்கொண்டே இருந்தார்.

உபதேசியார் மகன்

சகோதரிக்கும் சகோதரருக்கும் ஸ்தோத்திரம். என் அப்பா கிராமச் சபையில் உபதேசியாராக இருந்தவர். மழைக்காலத்தில் கரண்ட் போய்விட்டாலும் சாயங்கால ஜெபம் நிற்காது. இருட்டில் 91ஆம் சங்கீதத்தை மனப்பாடமாகச் சொல்வார், நாங்கள் பின்னால் சொல்வோம். அவ்வளவுதான் என் கதை.

ஆனால் இதைப் படிக்கிற இளம் குடும்பங்களுக்குச் சில காரியங்கள் சொல்ல வேண்டும் என்று ஏவப்படுகிறேன். அந்த அத்தையின் விசுவாசம் ஒரு நாளில் வந்ததல்ல. ரோமர் 12இல் பவுல் "ஆவியிலே அனலாயிருங்கள்" என்று சொல்லிவிட்டு அடுத்த வசனத்திலேயே "நம்பிக்கையிலே சந்தோஷமாயிருங்கள், உபத்திரவத்திலே பொறுமையாயிருங்கள், ஜெபத்திலே உறுதியாய்த் தரித்திருங்கள்" என்கிறார். கடைசியில் சொன்ன ஜெபம் இல்லாமல் முதலில் சொன்ன அனல் நிற்காது.

ஆகவே காலை 5 மணிக்கு எழும்புங்கள். எழுந்ததும் போனைத் தொடாதீர்கள். வாட்ஸ்அப்பில் வருகிற வசனப் படமும் வேண்டாம், வேதத்தையே திறங்கள். ஒரு அதிகாரத்தைச் சத்தமாக வாசியுங்கள். குடும்ப ஜெபத்தில் அப்பாவே எல்லாவற்றையும் செய்யக்கூடாது. வாசிப்பதைப் பிள்ளைகளிடம் கொடுங்கள். எழுத்துக்கூட்டி வாசித்தாலும் நடுவில் திருத்தாதீர்கள். பிள்ளை பயந்துவிட்டால் அப்புறம் வாய் திறக்காது. ஒரு கீர்த்தனை பாடுங்கள், பாட்டுப் புத்தகம் பார்த்து எல்லாச் சரணமும். அப்பாவும் அம்மாவும் சண்டை போட்ட நாளில்கூட ஜெபத்தை விடாதீர்கள், அன்றைக்குத்தான் அது அதிகம் தேவை. ஜெபம் நீளமாக இருக்க வேண்டியதில்லை. விண்ணப்பத்துக்கு முன்னால் நன்றி சொல்லுங்கள், அதுவும் பேர் சொல்லி: இன்றைக்குத் தண்ணீர் லாரி வந்தது, பாட்டிக்குக் காய்ச்சல் விட்டது என்று. பொதுவாக "எல்லாவற்றுக்காகவும்" என்று முடித்தால் பிள்ளைகளுக்குக் கர்த்தர் என்ன செய்தார் என்றே தெரியாமல் போகும். சோர்வு வரும்போது எரேமியா 29:11ஐப் பிடித்துக்கொள்ளுங்கள். எதிர்பார்த்த முடிவைக் கொடுப்பேன் என்று அவர் சொல்லியிருக்கிறார், கொடுப்பார்.

ராத்திரி டியூட்டி

அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. காலை 5 மணிக்கு நான் வார்டில் இருப்பேன். சுகர் பார்க்கணும், ரத்தம் எடுக்கணும், சார்ட் எழுதணும், டியூட்டி மாறுறதுக்குள்ள எல்லாம் முடியணும். அந்த நேரத்தில் எழுந்து அமைதியாக உட்கார முடிகிறவர்களுக்குத்தான் அனல் கிடைக்கும் என்றால் ஷிப்டில் வேலை செய்கிற எங்களுக்கெல்லாம் என்ன வழி? "விடியற்காலத்துக்குக் காத்திருக்கிற ஜாமக்காரரைப்பார்க்கிலும்" என்று 130ஆம் சங்கீதத்தில் வருகிறதே, அது ராத்திரி முழுக்க விழித்திருந்தவனைப் பார்த்து எழுதின வரி.

நான் பார்த்ததைச் சொல்கிறேன். எங்கள் வார்டில் தரை துடைக்கிற ஆயாம்மா ஒருவர். வாளியைத் தள்ளிக்கொண்டு ஒவ்வொரு கட்டிலுக்கும் அடியில் துடைக்கும்போது உதடு அசைந்துகொண்டே இருக்கும். ஏதோ பாட்டு என்றுதான் முதலில் நினைத்தேன். ஒரு ராத்திரி பக்கத்தில் நின்று மருந்து ஏற்றிக்கொண்டிருந்தபோது காதில் விழுந்தது: "ஆண்டவரே, ஏழாம் பெட்டு. இன்னிக்கு இந்தப் புள்ள ரெண்டு வாய் கஞ்சியாவது குடிக்கணும்." எட்டாம் பெட்டுக்குப் போனதும் அந்த ஆளுக்கு என்ன வேண்டுமோ அது. யார் என்ன மதம் என்று பார்ப்பதில்லை. யாரிடமும் சொல்லவும் மாட்டார். நோயாளிக்கே தெரியாது.

அந்த ஏழாம் பெட்டுப் பையன் பிழைக்கவில்லை. மறுநாள் ராத்திரி கட்டில் காலியாகக் கிடந்தது, ரெக்சின் மெத்தையைக் கழுவிச் சாய்த்து வைத்திருந்தார்கள். ஆயாம்மா வந்தார். வழக்கம்போலக் குனிந்து துடைத்தார். கண்ணைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு, "ஆண்டவரே, ஏழாம் பெட்டுக்கு வரப்போறவரு" என்று ஆரம்பித்தார்.

முந்தின நாள் கேட்டது கிடைக்கவில்லை, மறுநாளும் அதே இடத்தில் நின்று கேட்கிறார். எனக்கு அந்த மனம் வேண்டும்.

பாளையங்கோட்டை வாசகன்

உபதேசியார் மகன் அண்ணனுக்கு ஒன்று சொல்ல வேண்டும். எரேமியா 29:11 அந்த மாதிரிப் பிடித்துக்கொள்வதற்கான வசனம் அல்ல. புத்தாண்டு ராத்திரி ஆராதனையில் ஆளுக்கு ஒரு வசனமாக எடுக்கிற வாக்குத்தத்த அட்டையில் அது தனியாக வருவதால்தான் இந்தக் குழப்பம். அது பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எருசலேமிலிருந்து எரேமியா எழுதின கடிதம். அதற்கு முந்தின வசனத்தைப் பாருங்கள், 70 வருஷம் ஆகும் என்று இருக்கிறது. கடிதத்தை வாசிக்கக் கேட்ட பெரியவர்களில் பெரும்பாலோர் ஊர் திரும்பியிருக்க முடியாது. சீக்கிரம் திரும்பிவிடலாம் என்று சொன்ன தீர்க்கதரிசிகளை நம்பாதீர்கள் என்றுதான் அந்தக் கடிதம் சொல்கிறது. வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், நீங்கள் இருக்கிற பட்டணத்தின் சமாதானத்துக்காக ஜெபம் பண்ணுங்கள் என்று அந்நிய ஊரில் வாழக் கற்றுக்கொடுக்கிறது. தான் பார்க்கப்போகாத ஒன்றுக்காக இன்றைக்கு மண்ணைக் கொத்துவது. கடலோரத்தான் சொன்ன பெரியவருக்கு அந்த வசனம் நம்மைவிட நன்றாகப் புரிந்திருக்கிறது.

நம் ஜில்லாவிலேயே டோனாவூர் இருக்கிறது. அங்கே ஆதரவற்ற பிள்ளைகளுக்கு வீடு நடத்தின மிஷனரி ஏமி கார்மைக்கேல் அம்மா 1931இல் விழுந்து அடிபட்டார். அதற்கப்புறம் 1951 ஜனவரியில் இறக்கும்வரை, ஏறக்குறைய 20 வருஷம், பெரும்பாலும் ஒரே அறைக்குள்தான். சுகமாக்கும்படி ஜெபிக்க ஆள் இல்லாமலா இருந்திருக்கும்? சுகம் கிடைக்கவில்லை. படுக்கையில் இருந்தபடியே எழுதினார், பிள்ளைகளைக் கூப்பிட்டுப் பேசினார், அந்த வீட்டைத் தாங்கினார். எதிர்பார்த்த முடிவு வந்தால்தான் நம்பிக்கை என்றால் அந்த 20 வருஷத்தை எதில் சேர்ப்பது?

என் சொந்த விஷயம் இதுதான். என் தங்கைக்குக் கல்யாணமாகி ரொம்ப வருஷமாகியும் குழந்தை இல்லை. சபையில் யாராவது ஒருவர் அதே வசனத்தை அவள் கையில் திணிப்பார்கள், அன்போடுதான். போன மே மாதம் வி.பி.எஸ்., அதாவது பிள்ளைகளுக்கான விடுமுறை வேதாகமப் பள்ளி, நடந்தபோது அவளைப் பார்த்தேன். ஓடு போட்ட பள்ளிக்கூடம், ஃபேன் இல்லை, சின்ன வகுப்புப் பிள்ளைகள் அறுபது பேர். நடுவில் நின்று செய்கைப் பாட்டு சொல்லிக்கொடுக்கிறாள், குரல் கம்மிப்போய் காற்றுதான் வருகிறது. ஒரு குட்டி அவள் சேலை முந்தானையைப் பிடித்து மூக்கைத் துடைத்தது. அவள் பாட்டை நிறுத்தவே இல்லை, அந்தத் தலையில் ஒரு கையை வைத்துக்கொண்டு மற்றக் கையால் செய்கை காட்டினாள். அவளுக்கு அட்டை கொடுக்கிறவர்கள் யாரும் அன்றைக்கு அங்கே இல்லை.

உபதேசியார் மகன்

தம்பி, தங்கச்சிக்காக இன்றைக்கே ஜெபிக்கிறேன். 70 வருஷம் என்று சொன்னதும் சரிதான், மறுக்கவில்லை. ஆனால் 29:11 அந்த 70 வருஷத்துக்கு உள்ளேயே இருந்தவர்களுக்கும் ஆறுதலாகத்தானே எழுதப்பட்டது? காத்திருக்கிறவர்கள் கையிலிருந்து அதைப் பிடுங்கிவிடக் கூடாது.

நர்ஸ் தங்கச்சிக்கு: 5 மணி என்பது எனக்குப் பழகின நேரம், அதை விடுங்கள். ஆனால் ஏதோ ஒரு நேரம் குறித்து வையுங்கள். தானியேல் அரசாங்க வேலையில் இருந்தவர், நாளைக்கு மூன்று வேளை ஜன்னலைத் திறந்து முழங்காற்படியிட்டார். உங்கள் ஆயாம்மாவுக்கும் வாளியைத் தள்ளிக்கொண்டு வருகிற நேரம் ஒன்று இருக்கிறதல்லவா?

ராத்திரி டியூட்டி

இருக்கு அண்ணே. அதை ஒத்துக்கிறேன்.

கத்தார் ராமநாதபுரம்

எல்லாரும் ஊரில் இருந்து எழுதுகிறீர்கள், இங்கிருந்தும் ஒன்று. தோஹாவில் தேவாலயங்கள் எல்லாம் ஊருக்கு வெளியே மெசைமீர் பக்கம் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. வாரவிடுமுறை வெள்ளிக்கிழமை என்பதால் நம் ஞாயிறு ஆராதனை இங்கே வெள்ளிக்கிழமைதான். எங்கள் கேம்பிலிருந்து போய் வருவதற்குள் பாதி நாள் போய்விடும். சாரம் கட்டுகிற வேலையில் இருக்கும் அண்ணன் ஒருவருக்கு வெள்ளியும் ஷிப்ட் போட்டுவிடுவார்கள், அதனால் அவர் வரவே முடியாது.

நாங்கள் திரும்பி வரும்போது அவர் குளித்து, ஊருக்குப் போவதற்கென்று வைத்திருந்த வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, கட்டிலில் உட்கார்ந்திருப்பார். "பிரசங்கம் என்ன?" என்பார். போனில் பதிவு செய்து வந்ததைப் போட்டுக் காட்டுவோம். முடிந்ததும் சட்டைப்பையிலிருந்து ரியால் நோட்டை எடுத்து, "அடுத்த வாரம் காணிக்கைப் பையில் போட்டுரு" என்று என்னிடம் கொடுப்பார். வெள்ளைச் சட்டையைக் கழற்றி மடித்து வைத்துவிட்டுத்தான் சாப்பாடு. அந்த அறையில் மேல்கட்டிலில் படுத்திருந்த பையன் ஒருவன், சாமி கும்பிடாதவன், "அண்ணே, யாரு பாக்கப்போறா, எதுக்கு இந்தச் சட்டை?" என்று கேட்டான். "கூப்பிட்டவரு பாக்குறாருல்ல தம்பி" என்றார்.

இந்த மாதம் அவருடைய ஒப்பந்தம் முடிகிறது, ஊருக்குப் போகிறார். அந்தப் பையன் நேற்று என்னிடம் வந்து, வெள்ளிக்கிழமை வண்டி எத்தனை மணிக்குக் கிளம்பும் என்று கேட்டான். சாரம் கட்டுகிற வேலையில் அந்த அண்ணன் இடத்துக்கு இவனைத்தான் போடுகிறார்கள், அவனுக்கும் வெள்ளி ஷிப்ட் விழும். தோஹாவில் மற்ற நாட்களில் சாயங்காலம் தமிழ் ஆராதனை நடக்கும் இடம் தெரிந்தவர்கள் இருந்தால் நேரம் சொல்லுங்கள், நான் அவனைக் கூட்டிக்கொண்டு போகிறேன்.