40 எச்.பி.க்குள் டிராக்டர், வைக்கோல் கட்ட எந்த பேலர்? ஓட்டியவர்கள் சொல்லுங்கள்

நீடாமங்கலம் விவசாயி:

எல்லோருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது 39 எச்.பி. மகிந்திரா 275. தை, மாசியில் சம்பா, தாளடி அறுவடை முடிந்ததும் எங்கள் பக்கம் வைக்கோல் கட்டும் வண்டி கிடைப்பதே பெரிய பாடு. அறுவடைக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்பே உளுந்தும் பயறும் தெளித்துவிடுகிறோம். மிஷின் அறுத்துப் போட்ட வைக்கோல் அதன் மேலேயே கிடந்தால் முளை வெளுத்துப் போகிறது. சீக்கிரம் எடுத்தாக வேண்டும், ஆனால் வண்டிக்காரர் நம் வரிசைக்கு வர நாளாகிறது. அதனால் சொந்தமாக ஒரு பேலர் வாங்கி, அக்கம்பக்கத்து வயலுக்கும் வாடகைக்கு ஓட்டலாம் என்று நினைக்கிறேன். பழைய சின்ன சதுர பேலர் ஒன்று விலைக்கு வருகிறது. புதிதாக ரவுண்டு பேலர் எடுக்கச் சொல்லி வீட்டில் சொல்கிறார்கள். விளம்பரத்தில் வருவது எனக்கும் தெரியும், ஓட்டிய அனுபவம்தான் வேண்டும்.

ஒரத்தநாடு, ரவுண்டு பேலர் ஓட்டுபவர்:

அண்ணே, நான் ஓட்டுவது சின்ன ரவுண்டு பேலர், டிராக்டர் ஸ்வராஜ் 735. கட்டு சுமார் இரண்டடி விட்டம், மூன்றடி நீளம். வைக்கோல் காய்ந்திருப்பதைப் பொறுத்து 15 முதல் 20 கிலோ வரும். இழுவையில் இந்த டிராக்டருக்கு ஒரு கஷ்டமும் இல்லை.

கஷ்டம் வேறு இடத்தில். மிஷின் மூன்று புள்ளி இணைப்பில் பின்னால் தொங்குவதால் வரப்பு ஏறும்போது முன்சக்கரம் தூக்கும். முன்னால் எடைக்கட்டி போட்ட பிறகுதான் எனக்குப் பயம் போனது. அப்புறம் ஒவ்வொரு கட்டுக்கும் வண்டியை நிறுத்தி, கயிறு சுற்றி முடியும் வரை காத்திருந்து, பின்கதவைத் திறந்து தள்ள வேண்டும். நேரம் அங்கேதான் போகும். ஆனால் ஒரு மா, இரண்டு மா என்று ஒரு ஏக்கருக்கும் குறைந்த வயல்களில் திரும்புவதற்கு இதைவிட வசதி கிடையாது. பயறு முளைத்த வயலில் எடை குறைந்த மிஷின் என்பது பெரிய விஷயம். இன்னொன்று, அறுத்தது டயர் வண்டியா, சக்கரத்துக்குப் பதில் பட்டையில் ஓடும் பெல்ட் வண்டியா என்று கேட்டுவிட்டு வயலுக்குப் போங்கள். ஈர வயலில் பெல்ட் வண்டி வைக்கோலைச் சேற்றில் மிதித்திருந்தால் எந்த பேலராலும் சுத்தமாக எடுக்க முடியாது. மண்ணோடு எடுத்தால் வாங்குகிறவர் திருப்பி அனுப்பிவிடுவார்.

லால்குடி, சதுர பேலர் வைத்திருப்பவர்:

சதுரக் கட்டின் பக்கம் நின்று ஒருவராவது பேச வேண்டும் என்பதால் எழுதுகிறேன். நிற்காமல் ஓட்டிக்கொண்டே போகலாம், கட்டு தானாகப் பின்னால் விழுந்துகொண்டே இருக்கும். நல்ல காய்ந்த வைக்கோலும் பெரிய வயலும் கிடைத்தால் ரவுண்டு பேலர் இதன் பக்கத்தில் வர முடியாது. லாரியில் செங்கல் மாதிரி அடுக்கலாம், இடைவெளி விழாது. கேரளாவுக்கு லோடு ஏற்றும் வியாபாரி இதற்காகவே தேடி வருகிறார்.

ஆனால் முதலில் இதை இழுத்தது 42 எச்.பி., ஒற்றை கிளட்ச் டிராக்டர். அதாவது சக்கரத்துக்கும் பின்னால் இருக்கும் மிஷினுக்கும் சேர்த்து ஒரே கிளட்ச். அந்த அனுபவத்தைச் சொல்லியே ஆக வேண்டும். வரப்பு நெருங்குகிறது என்று கிளட்சை மிதித்தேன். வண்டி நிற்கவில்லை, தள்ளிக்கொண்டே போய் வரப்பில் ஏறியது. சதுர பேலரில் கனமான சுழல் சக்கரம் ஒன்று உண்டு. கிளட்சை மிதித்தாலும் அது சுற்றிக்கொண்டே இருக்கும். ஒற்றை கிளட்ச் வண்டியில் அந்த வேகம் பிடிஓ, அதாவது மிஷினைச் சுற்றவைக்கும் பின்தண்டு வழியாகத் திரும்பி வந்து டிராக்டரையே ஓட்டிவிடுகிறது. அன்றைக்கு முன்னால் யாரும் நிற்கவில்லை, தப்பித்தேன். பிடிஓ தண்டில் ஒரு பக்கம் மட்டும் பிடிக்கிற ஓவர்ரன்னிங் கிளட்ச் மாட்டினால் இது நடக்காது. அதை மாட்டி ஓட்டினேன், பிறகு 50 எச்.பி. இரட்டை கிளட்ச் டிராக்டருக்கு மாறினேன். தம்பி, உங்கள் வண்டி ஒற்றை கிளட்சா இரட்டை கிளட்சா என்பதை இன்றைக்கே பாருங்கள்.

மன்னார்குடி, டிராக்டர் மெக்கானிக்:

லால்குடி அண்ணன் சொன்னது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம், எல்லோரும் இரண்டு தடவை படியுங்கள். நான் பட்டறையில் பார்த்ததைச் சொல்கிறேன்.

39 எச்.பி. என்பது எஞ்சின் கணக்கு. பிடிஓ தண்டுக்கு வந்து சேர்வது 33, 34தான். காய்ந்த வைக்கோலை அமுக்க அது போதும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். எச்.பி. போதும் என்பதால் டிராக்டர் போதும் என்று ஆகிவிடாது. சதுர பேலரில் பிஸ்டன் போன்ற தட்டு நிமிடத்துக்கு 80, 90 தடவை முன்னும் பின்னும் ஓடி வைக்கோலை இடிக்கிறது. அந்த இடி ஒவ்வொன்றும் டிராக்டருக்கு வந்து சேரும். உங்கள் டிராக்டரின் எடை சுமார் 1,800 கிலோ. பின்னால் வரும் மிஷினே 1,300 கிலோவுக்கு மேல் இருக்கும். நாள் முழுக்க ஆட்டம் வாங்கினால் கொக்கி, பிடிஓ சீல், பேரிங் எல்லாம் வரிசையாகச் செலவு கேட்க ஆரம்பிக்கும். ஓட்டுகிறவர் இடுப்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஈரம் காயாத டெல்டா வயலில் அந்த எடை புதையும் என்பது தனிக் கதை.

அடுத்தது முடிச்சு. ரவுண்டு பேலர் கயிற்றைச் சுற்றி அறுத்து விடுகிறது, முடிச்சே போடுவதில்லை. சதுர பேலர் ஒவ்வொரு கட்டுக்கும் இரண்டு முடிச்சு போட வேண்டும். அமெரிக்காவில் ஜான் ஆப்பிள்பி என்பவர் 1870களின் கடைசியில் கதிர் கட்டும் மிஷினுக்காகச் செய்த முடிச்சு முறைதான் இன்றைக்கும் அடிப்படை. அருமையான வேலைப்பாடு அது, பிரித்துப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு மரியாதை கூடுகிறது. ஆனால் கத்தி மழுங்கினால் முடிச்சு விழாது, கயிறு தடிப்பு மாறினால் விழாது, தூசி அடைத்தால் விழாது. கயிற்றைக் கொண்டுவரும் ஊசி நேரம் தவறினால் தட்டு வந்து ஊசியையே உடைத்துவிடும். இதைச் சரிசெய்யத் தெரிந்த ஆட்கள் நம் பக்கம் குறைவு. அறுவடை நேரத்தில் மிஷின் நின்றால் அந்த வருட வருமானம் நின்ற மாதிரி.

சுழல் சக்கரத்தில் ஒரு ஷியர் போல்ட் இருக்கும். ஏதாவது சிக்கினால் அது வெட்டுப்பட்டு மற்ற பாகங்களைக் காப்பாற்றும். அடிக்கடி வெட்டுப்படுகிறதே என்று கடினமான போல்ட்டை மாட்டிவிடுகிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். கம்பெனி சொன்ன தரத்து போல்ட்டை டஜன் கணக்கில் வாங்கிப் பெட்டியில் வையுங்கள்.

பொள்ளாச்சி, மாடு வளர்ப்பவர்:

நான் வாங்குகிற பக்கம். தஞ்சாவூர், திருவாரூர் வைக்கோல்தான் எங்கள் மாடுகளுக்கு வருகிறது. சதுரக் கட்டு என்றால் பிரித்ததும் பாளம் பாளமாக வரும், மாட்டுக்கு இவ்வளவு என்று அளந்து போடலாம். கொட்டகையில் அடுக்கவும் நல்லது. ஆனாலும் ரவுண்டு கட்டு வேண்டாம் என்று நான் ஒரு நாளும் சொன்னதில்லை.

நான் பார்ப்பது ஈரம். பனி காயும் முன் காலையிலேயே கட்டிய வைக்கோல் வெளியே பொன் நிறமாக இருக்கும், நடுவில் கை விட்டால் சூடு. சில நாளில் கறுத்துப் பூசணம் பிடித்துவிடும், மாடு முகர்ந்துவிட்டு நகர்ந்துவிடும். அப்படிக் கட்டியவரிடம் அடுத்த வருடம் எங்கள் ஊரில் யாரும் வாங்குவதில்லை. இன்னொரு வேண்டுகோள்: சணல் கயிறு பயன்படுத்துங்கள். நைலான் துண்டு வயிற்றுக்குள் போனால் செரிக்காமல் அங்கேயே தங்கும். நாங்கள் எவ்வளவு பார்த்துப் பிரித்தாலும் ஒரு துண்டு தப்பிவிடுகிறது.

நீடாமங்கலம் விவசாயி:

எல்லோருக்கும் நன்றி. டிராக்டரைப் பார்த்தேன், ஒற்றை கிளட்ச்தான். வயலும் பெரும்பாலும் ஒரு மா, இரண்டு மா. பழைய சதுர பேலர் வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டேன். ரவுண்டு பேலருக்கும் இந்த கிளட்ச் பிரச்சினை வருமா?

மன்னார்குடி, டிராக்டர் மெக்கானிக்:

தள்ளிக்கொண்டு போகிற அபாயம் குறைவு, அந்தக் கனமான சுழல் சக்கரம் இதில் கிடையாது. ஆனால் கயிறு சுற்றும்போது டிராக்டர் நிற்க வேண்டும், பிடிஓ ஓட வேண்டும். ஒற்றை கிளட்சில் மிதித்ததும் இரண்டும் நின்றுவிடும். நியூட்ரலுக்குத் தள்ளிவிட்டுக் காலை எடுத்தால் பிடிஓ மறுபடி சுற்றும். ஒவ்வொரு கட்டுக்கும் இதைச் செய்ய வேண்டும், பழகிவிடும். கிளட்ச் தட்டு சீக்கிரம் தேயும் என்பதை மட்டும் கணக்கில் வையுங்கள்.

புதிதாக எடுப்பதால் வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தில் மானியம் கேளுங்கள். சிறு, குறு விவசாயிகளுக்கும் பெண்களுக்கும் 50 சதவீதம், மற்றவர்களுக்கு 40 சதவீதம், இரண்டுக்கும் உச்சவரம்பு உண்டு. பேலரை முதலில் வாங்கிவிட்டுப் பிறகு விண்ணப்பிக்காதீர்கள். டீலரிடம் பணம் கட்டும் முன் உங்கள் டிராக்டரிலேயே மாட்டி, உங்கள் வயலிலேயே ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். நான் வேண்டுமானால் கூட வருகிறேன்.