லீவு விட்டாச்சு, கேம் நேரத்தை எப்படி வைக்கிறது? (6, 9 வயது)

ஆனையூர் அம்மா:

எல்லாருக்கும் வணக்கம். பையனுக்கு 9, பாப்பாவுக்கு 6. வீட்டில் இருப்பவை: என் ஆண்ட்ராய்டு போன், அப்பத்தா போன், சிம் இல்லாமல் சும்மா கிடக்கும் பழைய போன் ஒன்று, டிவியில் மாட்டிய பி.எஸ். 4 (பிளேஸ்டேஷன்) கேம் பெட்டி. பையன் ஃப்ரீ ஃபயர் மேக்ஸ், சப்வே சர்ஃபர்ஸ் விளையாடுகிறான். பாப்பா சமைக்கிற கேம், கலர் அடிக்கிற கேம். என் போனில் டிஜிட்டல் வெல்பீயிங் (போனிலேயே இருக்கும் நேரக் கட்டுப்பாடு) டைமர் 30 நிமிடம் வைத்தால் அவனே போய் எடுத்துவிடுகிறான். போனைக் கேட்டால் "இந்த ஒரு மேட்ச்"தான் பதில். அடியோடு நிறுத்தும் எண்ணம் இல்லை. தினமும் கத்தாமல் நிறுத்த ஒரு வழி வேண்டும். வெளியே அனுப்பலாம் என்றாலும் இந்த வெயிலில் எங்கிட்டு அனுப்ப?

வில்லாபுரம் சர்வீஸ்:

அக்கா, அந்த டைமர் பெரியவர்கள் தனக்குத்தானே போட்டுக்கொள்வது. பெரும்பாலான போன்களில் அதற்கு பின் நம்பர் கிடையாது, போட்ட இடத்திலேயே எடுத்துவிடலாம். பூட்டு நிற்க வேண்டுமென்றால் தனிப் போனும் வேண்டும், அதில் பிள்ளையின் தனிக் கணக்கும் வேண்டும். உங்கள் கணக்கு ஏறிய போனில் எந்தப் பூட்டும் அரைப் பூட்டுதான்.

சிம் இல்லாத பழைய போன் இதற்கு ரொம்பத் தோது. முதலில் அதை முழுசாக ரீசெட் பண்ணுங்கள். உங்கள் போனில் ஃபேமிலி லிங்க் செயலியை (பிள்ளையின் போனைப் பெற்றோர் கட்டுப்படுத்த கூகுள் கொடுப்பது) இறக்கி, பையனின் உண்மையான பிறந்த தேதியோடு ஒரு கணக்கு தொடங்குங்கள். பழைய போனில் அந்தக் கணக்கை மட்டும் ஏற்றுங்கள். அதன்பின் எந்த கேமை இறக்கவும் உங்கள் போனுக்கு அனுமதி கேட்டு வரும்.

பலர் சறுக்குவது அடுத்த படியில். "தினசரி அளவு" என்பது போன் திரை மொத்தத்துக்கும் கணக்கு. பள்ளியில் அனுப்பும் பாட வீடியோ பார்த்தாலும் அதில்தான் கழியும். அதனால் ஒவ்வொரு கேமுக்கும் தனி அளவு வையுங்கள். அதிலும் ஒரு ஓட்டை உண்டு: நாலு கேம், ஒவ்வொன்றுக்கும் 30 நிமிடம் என்றால் மொத்தம் 2 மணி நேரம். ஒன்று முடிந்ததும் அடுத்ததுக்குத் தாவுவான். போனில் இரண்டு கேமுக்கு மேல் இருக்க விடாதீர்கள். புதுசு வேண்டுமா, பழசில் ஒன்றை எடுக்க வேண்டும். குரோம் வழியாக விளையாடும் கேம்களும் உண்டு, குரோமுக்கும் ஓர் அளவு வையுங்கள்.

இரவு பூட்டும் நேரத்தையும் அதிலேயே வைக்கலாம். ஒன்று மட்டும் ஞாபகம் இருக்கட்டும். பழைய போன் வைஃபையில் இல்லாதபோது நீங்கள் மாற்றும் அளவு உடனே போய்ச் சேராது, திரும்ப நெட் கிடைத்ததும்தான் ஏறும். ஏற்கெனவே போட்ட அளவு நெட் இல்லாமலும் வேலை செய்யும்.

பாப்பாவுக்கு உங்கள் போனையே கொடுக்கலாம். அமைப்புகளில் பாதுகாப்புப் பக்கம் போய் "ஆப் பின்னிங்"கை இயக்குங்கள், எடுக்கும்போது பின் கேட்கும்படி வையுங்கள். அந்த ஒரு கேமை விட்டு வெளியே வர முடியாது. வாட்ஸ்அப்பில் யாருக்கோ போன் போவதும் நிற்கும்.

தெப்பக்குளம் தெற்கு:

பூட்டைப் பற்றி மேலே சரியாகச் சொல்லிவிட்டார்கள். ஆனால் சண்டை வருவது பூட்டு இல்லாததால் இல்லை, ஆட்டத்தின் நடுவில் கை வைப்பதால். ஃப்ரீ ஃபயரில் ஒரு ஆட்டம் ஏறக்குறைய 10 நிமிடம். பிஜிஎம்ஐயில் (பப்ஜியின் இந்தியப் பதிப்பு) பெரிய மேப் என்றால் அரை மணி வரை இழுக்கும். நடுவில் பிடுங்கினால், அவனோடு ஆடுகிற மூன்று பேருக்கும் சேர்த்துத் தோல்வி. அவன் கத்துவதில் நியாயம் இருக்கு.

அதனால் நிமிடத்தை விட்டு மேட்ச் கணக்கு பேசுங்கள். "மூணு மேட்ச்" என்று ஆரம்பத்திலேயே சொல்லி, இரண்டாவது முடிந்ததும் பக்கத்தில் போய் "அடுத்தது கடைசி" என்று சொல்லுங்கள். அடுப்படியிலிருந்து குரல் கொடுத்தால் அவன் காதில் ஏறாது. தோளில் கை வைத்துச் சொல்லி, அவன் வாயால் "சரி" வாங்குங்கள். ஃபேமிலி லிங்க் அளவை 40 நிமிடமாக வைத்தால் மூன்று மேட்சும், ஆட்டம் தொடங்குமுன் லாபியில் காத்திருப்பதும் அடங்கும். 30 வைத்தால் மூன்றாவது மேட்சின் நடுவில் திரை பூட்டி, நீங்களே சண்டையை ஆரம்பித்து வைத்த மாதிரி ஆகும். சப்வே சர்ஃபர்ஸ் மாதிரி முடிவே இல்லாத ஓட்டத்துக்கு மேட்ச் கிடையாது, அதற்கு மட்டும் அடுப்படி டைமர்.

வெயில் காலத்தில் நேரத்தை மாற்றிப் போடுங்கள். நிறைய வீட்டில் சாயங்காலம் 5 மணிக்குக் கேம், மத்தியானம் தூக்கம் என்று இருக்கு. நம்ம மதுரை மே மாதத்துக்கு அது தலைகீழ். மத்தியானம் 2 முதல் 3 வரை கேம், 5 மணிக்குமேல் தெருவில் கிரிக்கெட்டோ சைக்கிளோ. பொழுது சாய ஆறரை ஆகும். வாரத்தில் ஒரு நாள் காலையில் நத்தம் ரோடு கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்குக் கூட்டிப் போகலாம், குழந்தைகள் பிரிவு தனியாக இருக்கு.

கேம் முடிந்ததும் என்ன வேலை வருகிறது என்பதும் முக்கியம். கேமுக்குப் பின்னால் வீட்டுப்பாடம் வைத்தால் எந்தப் பிள்ளையும் இழுத்தடிக்கும். பாடம் முதலில், கேம் நடுவில், சாப்பாடோ விளையாட்டோ கடைசியில். படுக்கப் போவதற்கு முந்தின ஒரு மணி நேரம் திரையே வேண்டாம்.

மொத்த அளவுக்கு ஒரு எல்லை வேண்டுமென்றால், இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 5 முதல் 10 வயதுக்குச் சொல்வது 2 மணி நேரத்துக்குள். டிவி, யூடியூப் எல்லாம் சேர்த்துத்தான் அந்த 2 மணி. பிஜிஎம்ஐயில் 18 வயதுக்குக் கீழ் 3 மணி நேரம் என்று கட்டுப்பாடு இருக்கே என்பார்கள். அது கம்பெனி போட்ட உச்சவரம்பு, பிள்ளைக்கு ஏற்ற அளவு இல்லை. அதுவும் வயதை உண்மையாகக் கொடுத்தால்தான்.

ஆனையூர் அம்மா:

மேட்ச் கணக்கு நல்ல யோசனை, நன்றி. பி.எஸ். 4க்கு என்ன செய்வது? சுவிட்சை அமத்திவிடுவேன் என்று அவங்க அப்பா மிரட்டுறாங்க. அப்புறம் அப்பத்தா போன். அத்தைக்கு அவன் கேட்டால் கொடுக்காமல் இருக்க முடியாது.

வில்லாபுரம் சர்வீஸ்:

சுவிட்சை மட்டும் அமத்தாதீர்கள். சேமித்துக்கொண்டிருக்கும் நேரத்தில் கரண்ட் போனால் ஆட்டக் கோப்பு கெட்டுப்போகும், அடுத்த முறை டிஸ்க்கைச் சரிபார்க்க உட்கார்ந்துவிடும்.

பி.எஸ். 4இல் செட்டிங்ஸ் போய், பேரன்ட்டல் கன்ட்ரோல் பகுதியில் ஃபேமிலி மேனேஜ்மென்ட். அங்கே பையனுக்குத் தனிப் பயனர் தொடங்கி, நாள்வாரியாக நேரம் வையுங்கள். நேரம் முடிந்தால் "தெரிவிக்க மட்டும்" என்றும் "வெளியேற்று" என்றும் இரண்டு வழி இருக்கும், இரண்டாவதை எடுங்கள். நேர மண்டலம் இந்தியாவுக்குச் சரியாக இருக்கிறதா என்று ஒரு தடவை பாருங்கள், இல்லாவிட்டால் கணக்கு வேறு நேரத்தில் புதுசாகும்.

மூன்று ஓட்டையை அடைக்க வேண்டும். உங்கள் பயனருக்கு நாலு இலக்கக் கடவுக்குறி போடுங்கள், இல்லையென்றால் உங்கள் பெயரில் நுழைவான். பேரன்ட்டல் கன்ட்ரோல் பகுதியில் சிஸ்டம் கட்டுப்பாடுகளுக்குள் போய்ப் புதுப் பயனர் தொடங்குவதையும் விருந்தினராக நுழைவதையும் "அனுமதி இல்லை" ஆக்குங்கள். அந்தப் பகுதிக்குக் கம்பெனி போட்டு அனுப்பும் கடவுக்குறி 0000. அதை மாற்றாமல் விட்டால் அத்தனையும் வீண்.

மாட்டுத்தாவணி:

அப்பத்தா போன் விஷயத்தில் அவங்களைக் குறை சொல்லிப் பயனில்லை, போனைத்தான் திருத்தணும். கேம்களை எடுத்துவிட்டு, ப்ளே ஸ்டோர் செட்டிங்ஸில் குடும்பம் என்ற இடத்தில் பெற்றோர் கட்டுப்பாட்டைப் பின் நம்பரோடு இயக்கி, வயதை 3+ ஆக்குங்கள். முன்பே இறக்கிய கேமை அது தொடாது, அதனால்தான் முதலில் எடுக்கச் சொன்னேன். வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகே கோப்பு (ப்ளே ஸ்டோர் இல்லாமலே செயலியை நிறுவும் கோப்பு) வழியாக இன்னொரு கதவு உண்டு. குரோம், வாட்ஸ்அப், ஃபைல் மேனேஜர் மூன்றுக்கும் "தெரியாத செயலிகளை நிறுவ" அனுமதியை அணைத்துவிடுங்கள்.

இன்னொன்று: கேட்டதும் திறக்கட்டும் என்று அப்பத்தா போனில் பேரன் பேத்தி கைரேகையைப் பதிந்து வைத்திருந்தால் உடனே எடுங்கள். ப்ளே ஸ்டோரில் வாங்குவதற்குக் கைரேகைச் சரிபார்ப்பு வைத்தவர்களுக்கு அந்தப் பிஞ்சு விரலே போதும், கேமுக்குள் காசு கொடுத்து வைரம் வாங்க.

தெப்பக்குளம் தெற்கு:

அழகர் ஆற்றில் இறங்குற சமயம் சொந்தக்காரப் பிள்ளைகள் வந்தால் ஒரு மேட்சுக்கு ஒரு ஆள், அடுத்தவர் கைக்குப் போன். அன்றைக்கு மட்டும் ஃபேமிலி லிங்கில் கூடுதல் நேரம் கொடுக்கும் வசதி இருக்கு, அளவையே மாற்ற வேண்டாம். அது அந்த ஒரு நாளோடு போய்விடும்.